அரை நொடி பிந்திய சிரிப்பு

எங்கள் அலுவலகத்தில் அவரைக் கமா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு துணி சோப்புக்கு "அழுக்குப் போகும், சாயம் போகாது" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அச்சகத்திலிருந்து வந்த மாதிரித் தாளில் நடுவிலிருந்த கமாவைக் காணோம். கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டு அச்சகத்துக்குப் போய், சுற்றிக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

"ஒரு கமாவுக்காகவா சார் மிஷினை நிறுத்தணும்?"

"அது இல்லேன்னா, அழுக்குப் போகும் சாயமா, சாயம் போகும் அழுக்கான்னு ஜனங்க முழிப்பாங்க. நிறுத்துங்க."

அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். அவருக்கும் அதில் வருத்தமில்லை. தொலைபேசியை எடுத்தால் அவரே "கமா பேசறேன்" என்பார்.

நான் படம் போடுகிறவள். விளம்பர நிறுவனங்களில் எழுதுகிறவரையும் படம் போடுகிறவரையும் ஜோடி சேர்த்து ஒரே அறையில் உட்கார வைத்துவிடுவார்கள். கல்யாணம் மாதிரிதான், ஆனால் யாரும் வாழ்த்த வருவதில்லை. பதினாறு வருடம் அவரும் நானும் எதிரெதிர் மேஜை. மூன்றாவது மாடி அறை. ஜன்னலைத் திறந்தால் ஒரு டயர் கடையின் பின்பக்கம். அந்த ரப்பர் நாற்றத்தை மூக்கு நிறைய வாங்கிக்கொண்டுதான் எத்தனையோ சென்ட் விளம்பரங்கள் செய்திருக்கிறோம். அவரை அண்ணா என்று கூப்பிடுவேன். அவர் மனைவியை அக்கா என்று கூப்பிடுவேன். முறை தப்பிப் போச்சே என்று இருவரும் சிரிப்பார்கள். வாயில் வந்துவிட்டது, மாற்றவில்லை.

பொருளைப் பற்றிக் கம்பெனிக்காரர்கள் பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதி அனுப்புவார்கள். அண்ணா அதை ஒருமுறை படிப்பார். பிறகு நாலாக மடித்து, ஆடுகிற மேஜைக் காலுக்கு அடியில் சொருகிவிட்டு வெளியே கிளம்பிவிடுவார். ஒரு பூட்டுக் கம்பெனிக்காக மூன்று நாள் தெரு முனையில் நின்று, வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர்களை வேடிக்கை பார்த்தார். பாதி வழி போனவர்கள் சட்டென்று நின்று யோசிப்பதையும், திரும்பி நடப்பதையும் எண்ணினார். நாலாம் நாள் வந்து எழுதினார்: "பூட்டினோமா, இல்லையா? பூட்டினீங்க. போயிட்டு வாங்க." அவ்வளவுதான் விளம்பரம். நான் ஒரு தெருவையும் அதில் நடந்து போகிற ஒரு முதுகையும் வரைந்தேன். பூட்டைக் காட்டவே இல்லை.

அவர் அக்காவைச் சந்தித்தது ஒரு குடை விளம்பரத்தில். நான் வேலைக்கு வருவதற்கு முந்தைய கதை. இரண்டு பேரும் தனித்தனியாக எத்தனையோ தடவை எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

கைப்பைக்குள் அடங்கும் குடை ஒன்று அப்போது புதிதாக வந்திருந்தது. ரொம்பச் சின்னதாக இருக்கிறது என்று யாரும் வாங்கவில்லை. அண்ணா எழுதியது: "ரெண்டு பேருக்குக் கொஞ்சம் பத்தாது, நெருங்கி நடங்க." குடைக் கம்பெனி முதலாளி, என் குடையைச் சின்னதுன்னு நீயே சொல்றியா என்று குதித்தார். குதித்து முடித்த பிறகு, தன் மனைவி அதைப் படித்துச் சிரித்ததைப் பார்த்துச் சரி என்றாராம்.

வானொலிக்காக அதை ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிந்தார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்தான் அக்கா. நகரத்தின் பாதி விளம்பரங்கள் அவர் காது வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தன. குரல் கொடுப்பவரின் சட்டைப் பையில் சாவி இருந்தால்கூடக் கண்டுபிடித்துவிடுவார் என்பார்கள். பதிவை நிறுத்திவிட்டு மைக்கில் கேட்டாராம்:

"இதை எழுதினது யாரு?"

"நான்தான்."

"பத்தாதுக்கு அப்புறம் ஒரு மூச்சு வேணும். அதுலதான் அந்தப் பொண்ணு கிட்ட வரா. இங்க மூச்சே இல்லையே."

"கமா போட்டிருக்கேனே!"

"கமா பேப்பர்ல இருக்கு. காதுல இல்ல."

அண்ணாவுக்கு அன்று கோபம் வந்தது. மறுநாள் ஒரு காரணமும் இல்லாமல் அதே கூடத்துக்குப் போனார். அதற்கு மறுநாளும் போனார். "பதிவு ஒண்ணும் இல்லையே, எதுக்கு வந்தீங்க?" என்று அக்கா கேட்டபோது, "மூச்சு விட வந்தேன்" என்றாராம். இந்த ஒரு வரிக்காகத்தான் கட்டிக்கொண்டேன், மற்றதெல்லாம் சுமார் என்று அக்கா சொல்வார்.

கல்யாணத்துக்குப் பிறகு அவர் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் முதல் தேர்வு வீட்டுச் சமையலறையில்தான் நடந்தது. அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு காய் நறுக்குவார். அண்ணா வாசலில் நின்று வரியைப் படிப்பார். கத்திச் சத்தம் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால் வரி தேறவில்லை. சத்தம் நின்றால் தேறிவிட்டது. மறுநாள் அலுவலகத்துக்கு வந்து, "கத்தி நின்னுடுச்சு" என்று மட்டும் சொல்வார். நான் பென்சிலை எடுத்துவிடுவேன்.

அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதில் காது மங்கத் தொடங்கியது. அதை முதலில் கண்டுபிடித்தவரும் அவர்தான். ஒரு பிஸ்கட் விளம்பரத்தில், பின்னணியில் மெல்லிய விசில் மாதிரி ஒரு சத்தம் இருக்கிறது என்று உதவியாளர் சொன்னார். அக்கா மூன்று தடவை போட்டுக் கேட்டார். அவருக்கு அது இல்லை. ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, நேரே மருத்துவரிடம் போனார். நரம்பு தேய்கிறது, போனது திரும்பாது, இருப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டார். கூடத்துக்காரர்கள் இருக்கச் சொல்லி எவ்வளவோ கேட்டார்கள்.

"கேக்காததைக் கேட்டேன்னு சொல்லி நான் உக்காந்திருக்க முடியாது," என்றார்.

காதுக்குக் கருவி ஒன்று வாங்கினார்கள். இரண்டு வாரம் மாட்டிப் பார்த்தார். கரண்டி விழுந்தால் இரும்புக் கதவைச் சாத்தின மாதிரி இருக்கிறது, மனுஷக் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிறது என்றார். "இருபது வருஷம் நல்ல நல்ல மைக்கோட குடித்தனம் பண்ணிட்டேன். இந்த மட்ட மைக்கை என்னால காதுல வச்சுக்க முடியாது." கருவி மேஜை இழுப்பறைக்குள் போய்விட்டது. நேருக்கு நேர் உட்கார்ந்து நிதானமாகப் பேசினால் உதட்டையும் பார்த்து, மிச்சமிருக்கும் காதையும் வைத்துப் புரிந்துகொள்வார். திரும்பி நின்றால் ஒன்றும் கேட்காது. சமையலறைத் தேர்வு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

எனக்குத் தெரிந்தது அண்ணாவின் வரிகள்தான். ஏழு வருடமாக அவை கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்து வந்தன. சாமர்த்தியம் இருந்தது, எதுகை மோனையெல்லாம் இருந்தது. கம்பெனிக்காரர்களும் பாராட்டினார்கள். ஆனால் வாய்விட்டுப் படித்தால் நடுவில் எங்கும் மூச்சு விட முடியாது. இதை நான் அவரிடம் சொன்னதில்லை. எதிர் மேஜைக்காரி சொல்லக்கூடிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

அப்போதுதான் காது கேட்கும் கருவி செய்யும் கம்பெனி ஒன்று எங்களைத் தேடி வந்தது. எங்கள் முதலாளி தயங்கிக்கொண்டே எங்கள் அறைக்கு வந்தார்.

"கமா, இதை வேற ஜோடிகிட்டக் கொடுத்துடவா?"

"வேணாம் சார். நானே எழுதறேன்."

கம்பெனி மேலாளர் கதையையும் சேர்த்தே அனுப்பியிருந்தார். ஒரு தாத்தா. கருவியை மாட்டுகிறார். பேரன் முதல்முறையாக "தாத்தா" என்கிறான். தாத்தா கண்ணில் நீர். "கண்ணீர் கட்டாயம்" என்ற இரண்டு சொற்களுக்கும் அடிக்கோடு போட்டிருந்தார்கள். தொலைக்காட்சிக்கு அது, அதையே சுருக்கி வானொலிக்கு. அண்ணா அந்தத் தாளை மேஜைக் காலுக்குக் கொடுக்கவில்லை. எதிரில் விரித்து வைத்துக்கொண்டு ஒரு வாரத்தில் பதினொரு வரிகள் எழுதினார். பதினொன்றும் செத்துப் பிறந்தவை. கடைசியில் அவரே எல்லாவற்றையும் கசக்கிவிட்டு, "ஒரு எழவும் வரல" என்றார். நான் தாத்தாவை வரைந்து வைத்திருந்தேன். அவர் கண்ணீர் மட்டும் நன்றாக வந்திருந்தது.

அந்த வாரக் கடைசியில் அலுவலகத்துக்கு நாலு நாள் பெயின்ட் அடித்தார்கள். படத்தாள்களைச் சுருட்டிக்கொண்டு சனிக்கிழமை முற்பகல் அண்ணா வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேஜையில் தாள்களைப் பரப்பி உட்கார்ந்தோம். அக்கா மூன்று கோப்பை காபியோடு வந்து உட்கார்ந்து படங்களை வரிசையாகப் பார்த்தார்.

"இவரு ஏன் அழறாரு?"

"பேரன் பேசினது கேட்டுடுச்சு அக்கா," என்றேன், அவர் முகத்தைப் பார்த்து மெதுவாக.

"அதுக்கா?" என்றார். காபியைக் குடித்தார்.

அண்ணா பேச்சை மாற்றுவது போல, முந்தின நாள் நான் கிளம்பிய பிறகு அலுவலகத்தில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். முதலாளி உள்ளே இருப்பது தெரியாமல் அவர் அறைக் கதவைச் சாத்தி, இடுக்கோடு சேர்த்துப் பெயின்ட் அடித்துவிட்டார்களாம். காய்ந்ததும் கதவு ஒட்டிக்கொண்டது. முதலாளிக்கு உதவி கேட்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. யார் தொலைபேசியில் கூப்பிட்டாலும் "மீட்டிங்ல இருக்கேன்" என்றே இரண்டு மணி நேரம் சமாளித்திருக்கிறார். கடைசியில் பெயின்ட்காரருக்கே போன் செய்து, குரலைத் தாழ்த்தி, "தம்பி, மீட்டிங் முடிஞ்சுது, கதவைத் திறங்க" என்றாராம். நான் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தேன். அண்ணாவும் சொல்ல முடியாமல் சிரித்தார். இதையெல்லாம் அவர் என் பக்கம் திரும்பியே சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்ன?" என்றார் அக்கா, இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து.

"ஒண்ணுமில்ல," என்றார் அண்ணா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அக்கா கோப்பைகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். எழுந்திருக்கப் போகிறார் என்று நினைத்தேன். எழுந்திருக்கவில்லை.

"இந்த வீட்ல எனக்கு ரொம்ப நல்லாப் புரியற வார்த்தை இதுதான். இவரு உதட்டைக்கூடப் பாக்க வேணாம், கை போற விதத்துலயே தெரிஞ்சுடும்," என்றார் என்னிடம். குரலில் கோபமில்லை. "முக்கியமானதெல்லாம் சொல்லிடுவாரு. குறையே சொல்ல முடியாது. பொண்ணு போன் பண்ணினா, தண்ணி நாளைக்கு வராது, மாத்திரை வாங்கியாச்சு. எல்லாம் கரெக்டா வந்துடும். இப்படிச் சிரிக்கறது மட்டும்தான் வராது."

அண்ணா பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"பேரன் தாத்தான்னு கூப்பிட்டதை இந்தப் படத்துத் தாத்தாவுக்கு ஆயிரம் பேர் எழுதிக் காமிப்பாங்க. அதுக்கு ஏன் அழணும்? பக்கத்து ரூம்ல எல்லாரும் எதுக்குச் சிரிச்சாங்கன்னு ஒருத்தரும் வந்து சொல்ல மாட்டாங்க. அது இருக்கட்டும்," என்றவர் அண்ணாவைப் பார்த்தார். "நீங்க ஒரு வரி எனக்குப் படிச்சுக் காமிச்சு ஏழு வருஷம் ஆச்சு. எனக்குக் காதுதானே போச்சு."

நான் தாள்களைச் சுருட்ட ஆரம்பித்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தார்.

அண்ணா பேனாவை மேஜைமேல் வைத்தார். பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அக்காவுக்கு நேர் எதிரில், முழங்கால் இடிக்கும்படி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "நேத்து ஆபீஸ்ல பெயின்ட் அடிச்சாங்க இல்ல..." என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். இரண்டாம் தடவை சொல்லும் நகைச்சுவை எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. நடுவில் "மீட்டிங்" அக்காவுக்குப் புரியவில்லை, மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. முதலாளி மாதிரிக் குரலைத் தாழ்த்த வேண்டிய இடத்தில் தாழ்த்தினால் கேட்காது என்பதால், உரக்கக் கத்தி, "இது தாழ்ந்த குரல்" என்று விளக்கம் வேறு கொடுத்தார். அவர் முகம் வியர்த்துவிட்டது.

அக்கா முழுக்கக் கேட்டுவிட்டு, "இதுக்கா அந்தச் சிரிப்பு சிரிச்சீங்க?" என்றார். அப்புறம்தான் சிரிக்க ஆரம்பித்தார்.

திங்கட்கிழமையும் அவர்கள் வீட்டில்தான் வேலை. நான் போனபோது அண்ணா கையில் ஒரு தாள் இருந்தது. வானொலிக்கு எழுதியிருந்தார். அக்காவை உட்கார வைத்து, எதிரில் உட்கார்ந்து, முகத்துக்கு நேராகப் படித்தார். பரீட்சை எழுதப்போகிறவன் மாதிரித் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

ஒரு சாப்பாட்டு மேஜை, பலர் சிரிக்கும் சத்தம். ஒரு பெண் குரல், "என்ன?" ஒரு ஆண் குரல், "ஒண்ணுமில்ல." அடுத்து ஓடும் பேருந்து, இருவர் சிரிக்கிறார்கள். அதே பெண், "என்ன?" "ஒண்ணுமில்ல, விடு." அடுத்து விருந்தாளிகள் வந்திருக்கும் வீடு, பெரிய சிரிப்பு. "என்ன?" "ஒண்ணுமில்லம்மா." பிறகு ஒரு குரல் நம்மிடம் சொல்லும்: "கேக்கலைன்னுதானே கேக்கறாங்க. இன்னொரு தடவை சொல்லுங்க." கடைசியில் கம்பெனி பெயர்.

அக்கா தாளை வாங்கித் தானே ஒருமுறை படித்தார்.

"மூணாவது தப்பு," என்றார்.

"ஏன்?"

"மூணாவது தடவை அவ கேக்க மாட்டா. ரெண்டு தடவை ஒண்ணுமில்லன்னு சொன்னப்புறம் யாரு கேப்பா? சிரிச்சுடுவா."

"யாரு?"

"அவதான். எல்லாரும் சிரிக்கறாங்க இல்ல, சேர்ந்து சிரிச்சுடுவா. எதுக்குன்னு தெரியாது. ஆனா அவ மூஞ்சியை யாரும் பாக்காம இருக்கணுமே. நான் எத்தனை தடவை சிரிச்சிருக்கேன்."

அண்ணா அவரையே பார்த்தார். எந்தெந்தச் சிரிப்பு என்று அவர் மனசுக்குள் தேடிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றியது. எனக்கும் இரண்டு மூன்று நினைவு வந்தன. அவர்கள் பெண்ணின் பிறந்த நாளன்று நான் சொன்ன ஒரு ஜோக்கும் அதில் ஒன்று. அன்றைக்கு அக்காதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

மூன்றாவது "என்ன"வை அண்ணா அடித்தார். அந்த இடத்தில், "ஒரு சிரிப்பு மட்டும் பிந்தி வருகிறது" என்று எழுதினார்.

கம்பெனிக்குக் கொண்டுபோனோம். மேலாளர் நல்ல மனிதர்தான், ஆனால் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"காது கேக்காதவங்களுக்கு ரேடியோவுல விளம்பரம்னு சொன்னப்பவே என் ஆளுங்க சிரிச்சாங்க. தாத்தா கதையோட சத்தம்தானேன்னு சமாளிச்சேன். இதுல தாத்தாவும் இல்ல, பேரனும் இல்ல, கருவியும் இல்ல!"

"இது காது கேக்காதவங்களுக்கு இல்ல சார்," என்றார் அண்ணா. "அவங்க கூட இருக்கறவங்களுக்கு. ரேடியோ கேக்கறது அவங்கதானே."

"கூட இருக்கறவங்கதான் நம்ம கருவியை வாங்கிக் கொடுக்கணும். அவங்களையே குத்தம் சொல்றீங்களே?"

வழக்கமாக இந்த இடத்தில் அண்ணா வரிக்கு வரி வாதாடுவார். புள்ளிவிவரமெல்லாம் எடுத்து விடுவார். அன்று ஒன்றும் எடுக்கவில்லை.

"யாரோ ஒருத்தரைச் சொல்லல சார். அந்த 'ஒண்ணுமில்ல' நான்தான். எங்க வீட்ல ஏழு வருஷமா நான்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

மேலாளர் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். எங்கள் முதலாளி மெல்லப் புகுந்து, தொலைக்காட்சிக்குத் தாத்தாவே இருக்கட்டும், கண்ணீருக்கு நான் பொறுப்பு, வானொலிக்கு மட்டும் மூன்று வாரம் இதைப் போட்டுப் பார்க்கலாம் என்றார். மேலாளர் அரை மனதாகத் தலையாட்டினார்.

பதிவு, அக்கா வேலை பார்த்த அதே கூடத்தில். அன்றைக்கு விசில் சத்தத்தைக் கண்டுபிடித்த உதவியாளர்தான் இப்போது ஒலிப்பதிவாளர், காதோரம் நரைத்த ஆள். அக்கா உள்ளே வந்ததும் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். அக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டார். திரையில் ஏறி இறங்கும் ஒலிக்கோடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

குரல் கொடுக்க வந்த பெண்மணி அனுபவசாலி. முதல் இரண்டு "என்ன"வும் ஒரே தடவையில் முடிந்துவிட்டன. அந்தப் பிந்தி வரும் சிரிப்பில்தான் சிக்கல். எட்டுத் தடவை சிரித்தார். எட்டும் அழகாக இருந்தன. ஒவ்வொரு தடவையும் அக்கா திரையைக் காட்டி உதட்டைப் பிதுக்கினார்.

"ரொம்ப சீக்கிரம் வந்துடறீங்கம்மா. காதால கேட்டுச் சிரிக்கறீங்க. கண்ணால பாத்துச் சிரிக்கணும். நிறுத்தும்போதும் அப்படித்தான். மத்தவங்க நிறுத்திட்டாங்கன்னு பாத்துத்தான் தெரியணும், அதனால கொஞ்சம் நீண்டுடும்."

அந்தப் பெண்மணி யோசித்தார். "நீங்களே ஒரு தடவை பண்ணிக் காமிங்களேன்," என்றார்.

அக்கா கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே போய் மைக்குகளுக்கு நடுவில் நின்றார். சுற்றிலும் குரல் கொடுப்பவர்கள் நாலு பேர். பொய்ச் சிரிப்பு வேண்டாம், யாராவது ஏதாவது சொல்லுங்கள் என்றார் ஒலிப்பதிவாளர். கட்டைக் குரல்காரர் ஒருவர் வேண்டுமென்றே அக்காவுக்கு முதுகைக் காட்டி நின்று சொன்னார்: "போன வாரம் மிட்டாய் விளம்பரத்துக்குப் பேசினேன். இந்த வாரம் பல்வலி மாத்திரைக்குப் பேசறேன். வியாதியும் நானே, வைத்தியமும் நானே!"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா அவர்கள் முகங்களைப் பார்த்தார். அரை நொடி. பிறகு சிரித்தார். மற்றவர்கள் அடங்கிய பின்னும் அந்தச் சிரிப்பு ஒரு நூல் அளவு தனியாக நின்று, சட்டென்று அறுந்தது.

அண்ணா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். அக்காவின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

"அவர் என்ன சொன்னார் தெரியுமா? போன வாரம் மிட்டாய்க்குப் பேசினாராம். இந்த வாரம் பல்வலி மாத்திரைக்கு. வியாதியும் நானே, வைத்தியமும் நானேன்னாரு."

"மிட்டாய்க்கா?"

"மிட்டாய்க்கு. அப்புறம் பல்வலிக்கு."

அக்கா கட்டைக் குரல்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பல்வலிக்காரர் மாதிரி நின்றார். அக்கா சிரித்த சிரிப்பில் தொண்டை கரகரத்து, நடுவில் இருமல் வந்து, மறுபடி சிரித்தார். அண்ணாவின் கண்கள் நிறைந்திருந்தன. "அழறதுக்கு என்ன இருக்கு, நல்ல ஜோக்தானே" என்றார் அக்கா, அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு.

ஒலிப்பதிவாளர் என் பக்கம் குனிந்து, "நான் மைக்கை நிறுத்தவே இல்ல," என்றார்.

அப்படித்தான் அந்த விளம்பரம் உருவானது. இரண்டு "என்ன"வும் முடிந்ததும் அரை நொடி பிந்திய சிரிப்பு. பிறகு "கேக்கலைன்னுதானே கேக்கறாங்க. இன்னொரு தடவை சொல்லுங்க." அதற்கப்புறம், கம்பெனி பெயருக்கு முன்னால், இருமலோடு வந்த அந்த இரண்டாவது சிரிப்பு. குரல் கொடுக்க வந்த பெண்மணி தன் சிரிப்புகளில் எதுவும் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். அக்காவால் அதைக் கேட்க முடியாது. திரையில் இரண்டு சிரிப்புகளின் கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இது குட்டைப் புல், இது காடு மாதிரி இருக்கு," என்றார்.

மூன்று வாரம் காலை வேளையில் ஒலிபரப்பினார்கள். பிரமாதமாக ஏதும் நடந்துவிடவில்லை. விற்பனை சுமார்தான் என்று மேலாளர் சொன்னார். ஆனால் தொலைபேசியில் கூப்பிட்டவர்கள் கருவியைப் பற்றிக் கேட்பதற்கு முன் வேறு என்னென்னவோ பேசினார்கள் என்று அங்கே போன் எடுக்கும் பெண் சொன்னாள். ஒருவர் தன் அண்ணனோடு பேச்சுவார்த்தையே குறைந்துவிட்ட கதையைச் சொல்லிவிட்டு, கருவியைப் பற்றி ஒன்றும் கேட்காமலே வைத்துவிட்டாராம். தொலைக்காட்சித் தாத்தாவுக்கு அந்த வருடம் ஒரு பரிசு கிடைத்தது. விழாவில் அண்ணாதான் உரக்கக் கை தட்டினார். "கண்ணீர் நல்லா வந்திருக்கு," என்றார் என்னிடம்.

அக்கா இழுப்பறையிலிருந்த பழைய கருவியை எடுத்துக்கொண்டு அந்தக் கம்பெனிக்குப் போனார். இதில் என்னென்ன மோசம் என்று அவர்கள் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து பட்டியல் போட்டார். கருவியைச் சரிசெய்யும் இளைஞர் முதலில் எரிச்சல்பட்டார், பிறகு எழுதிக்கொள்ள ஆரம்பித்தார். எட்டுத் தடவை போய்வந்த பிறகு, புதிய கருவி ஒன்றை ஒருவழியாக மாட்டிக்கொண்டார். "இன்னும் மட்டம்தான். ஆனா இப்ப மனுஷங்க டப்பாவுக்கு வெளியில வந்துட்டாங்க." இப்போது வாரத்தில் இரண்டு நாள் அங்கே வேலைக்குப் போகிறார். முதல்முறை கருவி மாட்டிக்கொண்டு எல்லாம் இரைச்சலாக இருக்கிறது என்று பயந்துபோகிறவர்களின் எதிரில் உட்கார்ந்து, எந்தச் சத்தம் எப்படி வலிக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அதை மற்றவர்களுக்குப் புரியும்படி எழுதிக் கொடுக்கிறார்.

அண்ணாவின் வரிகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், இப்போது ஒவ்வொன்றுக்கும் இரண்டு மடங்கு நேரம் ஆகிறது. அக்கா விடுவதில்லை. போன மாதம் ஒரு தண்ணீர்த் தொட்டி விளம்பரத்துக்காக இருவரும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. நான் காலித் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சென்ற வாரம் பேருந்தில் அவர்களைப் பார்த்தேன். நான் பின் இருக்கையில் இருந்தேன், அவர்கள் கவனிக்கவில்லை. முன்னால் இரண்டு கல்லூரிப் பெண்கள் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். அண்ணா அக்காவின் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்து, அதை வரிக்கு வரி ஒலிபரப்பிக்கொண்டிருந்தார்.

"பச்சைச் சட்டைக்காரப் பொண்ணு அவங்க அம்மாவோட செருப்பைத் தெரியாம போட்டுட்டு வந்துட்டாளாம். அவங்க அம்மா இப்ப இவ செருப்பைப் போட்டுட்டு ஆபீஸ் போயிருக்காங்களாம். அதுல பொம்மை இருக்காம்."

"மெதுவா. ஊருக்கே கேக்குது."

"பொம்மை என்னன்னா, வாத்து."

"வாத்தா?"

"வாத்து. நடந்தா கத்துமாம்."

கல்லூரிப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பச்சைச் சட்டை அணிந்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா அவளைப் பார்த்து, "அப்புறம் உங்க அம்மா என்ன சொன்னாங்க?" என்றார். அந்தப் பெண் இருக்கையில் முழங்காலிட்டு அவர்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்து, கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல ஆரம்பித்தாள்.

அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்து, போனது. நான் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.